ஒரே ஒரு கோடு கேட்டாள்

இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும் அம்மா. வெயிலில் நிற்காதீர்கள், இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்கள். இந்த ஹோட்டலில் காருக்குச் சார்ஜ் ஏற்ற ஒரே ஒரு கன்தான் வைத்திருக்கிறார்கள், அதையும் நான் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. இருபது பர்சென்ட்டுக்குக் கீழே போனால் இந்த வண்டி ஒரு மணி அடிக்கும். நேற்று இருந்த வேலையில் முழுதாகச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். பெரம்பலூர் தாண்டும்போதே அடிக்க ஆரம்பித்தது. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொழுதூர் வரை வந்து சேர்ந்தேன்.

உங்களுடையதும் கரண்டு வண்டிதான், பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வெள்ளையாக வைத்திருக்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கிறது. இந்தாருங்கள், என் கார்டு. அபிநயா டிஜிட்டல்ஸ், திண்டுக்கல். ஃப்ளெக்ஸ், வினைல், ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைவேலைதான் முதலில் கண்ணில் படும். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும். வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பது ரேஷன் கார்டு போட்டோ. அந்த முகத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி வைத்து, செத்துப்போனவரைக்கூட லேசாகச் சிரிக்க வைத்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

அபிநயா என் மகள் பெயர். ஒரே மகள். கடைக்கும் அதே பெயர்தான். ஊரில் எந்த பேனரை எடுத்தாலும் மூலையில் அவள் பெயர் இருக்கும். எந்த அப்பன் இப்படிச் செய்வான், சொல்லுங்கள்.

இது அவள் கார். நான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். சென்னையில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் குடியிருக்கும் இடத்து வாசலில் இந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவள் கீழே இறங்கி வருவாள். வந்து என்னோடு பேசுவாளா மாட்டாளா என்பது அப்போது தெரியும். நாலு மாதமாகப் பேசவில்லை அம்மா. பெற்ற அப்பனோடு. நான் என்ன செய்தேன்? அவள் வண்டியை அழகு பண்ணிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த குற்றம். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். உங்களுக்கும் அவள் வயதுதான் இருக்கும்.

பிப்ரவரியில் வாங்கினாள். அவள் சம்பளம், அவள் லோன், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானே ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்து வாசலில் நிறுத்தினாள். நான் சந்தனமும் குங்குமமுமாக வெளியே ஓடிவந்து பார்க்கிறேன், இந்த நிறம். பளபளப்பு கிடையாது, மினுமினுப்பு கிடையாது. 

"என்ன கலர் பாப்பா இது?" என்றேன். 

"மழை வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்கும்லப்பா, அந்தக் கலர். இதுக்காகவே ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கினேன்" என்றாள். 

எனக்குச் சிமெண்ட் மூட்டை மாதிரிதான் தெரிந்தது. சொல்லவில்லை. என் மனைவி பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

மறுநாள் மகள் கடைக்கு வந்தாள். அதைச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். என் கடைப் படியை அவள் மிதித்து ஏழெட்டு வருஷம் இருக்கும். காலேஜில் படிக்கும்போது சார்ட் போடுவதற்குக்கூட வேறு கடைக்குத்தான் போவாள். அப்படிப்பட்டவள் வந்து ஒரு பேப்பரை நீட்டினாள். காரைப் பக்கவாட்டில் பென்சிலால் வரைந்திருந்தாள். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு கோடு. விரல் அகலம்கூடக் கிடையாது. எலுமிச்சம்பழ மஞ்சள்.

"ரெண்டு பக்கமும் இது மட்டும்ப்பா. வேற கடையில குடுக்க மனசில்ல. நீளமான கோடு, வளையாம ஒட்ட உங்க கையாலதான் முடியும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் மதுரையில் விமானம் ஏறி, ஆபீஸ் பயிற்சிக்காகப் புனே போகிறாள். பத்து நாள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடையில் ஜான் பாட்சா என்று ஒருத்தன். பதினெட்டு வருஷமாக என்னோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். அவனுக்கும் வயது ஐம்பதைத் தொடப்போகிறது, வாய் மட்டும் குறையவில்லை. அவனிடம் சொன்னேன், "பாத்தியா ஜானு, பிள்ளைக்கு ஆசை நெறைய இருக்கு. அப்பாகிட்ட பெருசாக் கேக்கக் கூச்சம். அதான் ஒரு கோட்டோட நிறுத்திக்கிச்சு." 

அவன் அந்தப் பேப்பரை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடுதான்ணே போட்டிருக்கு. பின்னாடி ஒண்ணும் எழுதலையே" என்றான். 

நான் சொன்னேன், அதெல்லாம் பெற்றவனுக்குத்தான் புரியும் என்று.

முதல் பிரச்சினை முகம். கரண்டு வண்டிக்கு முன்னால் காற்று போகிற வலை கிடையாது பார்த்தீர்களா, மூடி மொழுக்கென்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது என்ன வண்டி என்று மரியாதையே வராது. ஒரு சிங்க முகத்தை வாய் திறந்த மாதிரி டிசைன் செய்து முன்னால் ஒட்டினேன். பானெட்டில் மயில், தோகை விரித்த மாதிரி, கண்ணாடி வரைக்கும். அடுத்தது புகைக்குழல். இதுக்கு சைலன்சரே இல்லையாமே, பொம்மை வண்டியா என்று என் மச்சான் குருசாமி கேட்டுவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு குழாய் வாங்கி, குரோமியம் பூசி, பின் பம்பரில் ஓட்டை போட்டு மாட்டினேன். எதோடும் சேராது, சும்மா இருக்கும். ஆனால் பார்வைக்கு லட்சணமாக இருந்தது. 

அதற்கப்புறம் இன்னொரு யோசனை. குழாயைப் பார்த்து பெட்ரோல் வண்டி என்று நினைத்துவிட்டால்? பிள்ளை ஆசைப்பட்டு கரண்டு வண்டி வாங்கியிருக்கிறதே. அதனால் இரண்டு பக்கமும் மின்னல் போட்டு, 'இது முழுக்க முழுக்க மின்சாரக் கார்' என்று எழுதினேன். ஆறு அங்குல எழுத்து.

கதவுகளை வெறுமனே விட முடியுமா? சொந்தக்காரர்கள் படம் வைத்தேன். இடது பக்கம் என் வகையறா, வலது பக்கம் பஞ்சவர்ணம் வகையறா. நீங்கள் பேனர் அடித்துப் பார்த்திருந்தால் தெரியும், படம் வைப்பதில் எத்தனை நியாயம் பார்க்க வேண்டும் என்று. தாய்மாமன் படம் சித்தப்பன் படத்தைவிட ஒரு அங்குலம் குறைந்தால் கல்யாணமே நின்றுபோகும். நான் அளந்துதான் வைத்தேன். ஆனால் பேனர் தட்டையான சாமான், கார் அப்படி இல்லையே. குருசாமி படம் பின் சக்கரத்துக்கு மேலே வந்துவிட்டது. "ரோட்டுச் சேறெல்லாம் என் மூஞ்சியில அடிக்கணுமாடா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. சின்ன மாமனார் மூக்கு கதவுக் கைப்பிடியில் வந்தது. கதவைத் திறக்க அவர் மூக்கைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். சார்ஜ் போடுகிற மூடி சரியாக எங்கள் பெரியப்பா வாயில். நான் என்ன செய்ய, கம்பெனிக்காரன் அங்கே வைத்திருக்கிறான். பெரியப்பா ஒருத்தர்தான் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் தவறாமல் வந்து, தன் வாயில் கரண்டு ஏறுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். நாலு பேரை வேறு கூட்டிக்கொண்டு வருவார்.

பின் பக்கம் சித்தப்பாக்கள் மூன்று பேர். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் இருந்தால் கத்துகிற கண் ஒன்று பம்பரில் இருக்கிறதே, அதன் மேலேயும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. ரிவர்ஸ் போட்டாலே ஆள் நிற்கிறது, ஆள் நிற்கிறது என்று கத்தும். ஜான் பாட்சா சொல்கிறான், "சரியாத்தானேண்ணே சொல்லுது. மூணு பேரு நிக்கிறாங்கல்ல." 

அவன் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேலை நடக்கும்போது தினம் ஒரு தடவை கேட்பான், "அண்ணே, பாப்பாவுக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டுக்குவமா?" கேட்டுவிட்டுச் செய்தால் அது எப்படி அதிசயமாக இருக்கும்? எந்த விசேஷ வீட்டிலாவது பேனரில் இருக்கிறவரிடம் கேட்டுக்கொண்டா அடிக்கிறோம்?

மேலே, கூரையில், அவள் படம். பட்டமளிப்பு விழா கவுன் போட்டது. 'திண்டுக்கல்லின் தங்கத் தாரகை' என்று வளைத்து எழுதினேன். கீழே அபிநயா டிஜிட்டல்ஸ், போன் நம்பர். விளம்பரம் என்று பஞ்சவர்ணம் சண்டைக்கு வந்தாள். அது விளம்பரம் இல்லையே, அவள் பெயர்தானே?

அந்தக் கோடா? அதைக் கேட்கிறீர்களா. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது பாருங்கள். இவ்வளவு வேலையில் கோடு விட்டுப்போய்விட்டது. போட்டாலும் தெரிந்திருக்காது, அந்த இடத்தில் மின்னல் வந்துவிட்டது.

பத்தாம் நாள் காலையில் வந்தாள். மதுரையிலிருந்து பஸ் பிடித்து, தெரு முனையில் இறங்கி நடந்து வந்தாள். நான் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி மாலை போட்டு வைத்திருந்தேன். பத்திருபது பேர் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். வண்டியை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பின்னால் போய்க் குனிந்து அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள், அது மாட்டியிருந்த ஓட்டையை விரலால் தடவினாள். சந்தோஷம் என்றால் அப்படித்தான், தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். நான் ஜான் பாட்சாவைப் பார்த்தேன், எப்படி என்று. அவன் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

குளித்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். அம்மாவிடம் என்னவோ சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டாள். வண்டி வாசலிலேயே நிற்கிறது. சரி, சாவியை என்னிடம் வாங்க மறந்துவிட்டாளோ என்று போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை. 

ஒரு மாதம் கழித்துப் பஞ்சவர்ணம் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் போனாள். அவளும் திரும்பவில்லை. மூன்று மாதமாக நான் ஹோட்டல் சாப்பாடு. போன் செய்தால் பஞ்சவர்ணம் எடுப்பாள், பேசுவாள், ஆனால் பேச்செல்லாம் ஒரு மாதிரி. ஒரு நாள் கேட்கிறாள், "எட்டாவது படிக்கிறப்ப அவ ஒரு வாரம் காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகலையே, ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

ஏன் இல்லாமல்? அவள் பெரியவளான சடங்குக்குப் பஸ் ஸ்டாண்டில் இருபது அடி பேனர் வைத்தேன். அவள் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற இடம், கவுன்சிலர் ஆட்களோடு மல்லுக்கட்டிப் பிடித்தேன். பட்டுப்புடவை கட்டி, கிரீடம் வைத்த படம். அந்த மாதிரி ஒரு பேனர் அதற்குப் பிறகு ஊரில் யாரும் வைக்கவில்லை. அதற்கு மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டேன். 

"அது காய்ச்சல் இல்லைங்க" என்றாள் பஞ்சவர்ணம். 

காய்ச்சல் இல்லாமல் என்ன, நானே தொட்டுப் பார்த்தேன், லேசாகச் சுட்டது என்றேன். 

"நீங்க தொட்டுப் பாத்தது சரி. ஏன்னு கேட்டீங்களா?" என்று வைத்துவிட்டாள். 

இந்த மாதிரிதான் பேச்சு. ஒன்றும் பிடிபடாது.

போன வாரம்தான் தெளிவாகச் சொன்னாள். "வண்டிய வாங்குன மாதிரியே கொண்டாந்து குடுங்க. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு அவ வீட்ல இருப்பா. கீழ எறங்கி வர்றேன்னு சொல்லியிருக்கா. இதுக்கு மேல என்னால பேச முடியாது." 

வாங்கின மாதிரியே. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டுவதுதான் அம்மா என் தொழில். உரிப்பது நகராட்சிக்காரன் வேலை. ஆனால் ஜான் பாட்சாவிடம் சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நோன்புப் பெருநாளுக்குக்கூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஹீட் கன்னை வைத்துச் சூடு காட்டிக் காட்டி, இரண்டே நாளில் மயில், சிங்கம், சித்தப்பா எல்லாரையும் உரித்துவிட்டான். பெரியப்பா மட்டும் வந்து தன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குழாயைக் கழற்றி ஓட்டையைப் பட்டி பூசி அடைத்தோம். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது பாருங்கள். முன்னாலும் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. அவள் சொன்ன அந்த மழை வானமோ என்னமோ, அதுதான் இருக்கிறது.

பின் பக்கத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அது சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தியிருக்கிறேன். வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் கருத்தும் வேண்டும்.

நேற்று மத்தியானம் உரித்து முடித்ததும் கடை வாசலில் நின்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. தப்பு என்று அவள் நினைக்கிறாள், சரி, நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா வேண்டாமா? கேட்க வேண்டும். அதைச் சும்மா கேட்டால் நன்றாக இருக்குமா? மிஷினில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் வேலை. இதுதான். பின் கண்ணாடியிலிருந்து பம்பர் வரைக்கும் ஒரே பீஸ். 

படித்துப் பாருங்கள். 'மன்னித்துவிடு மகளே!' அதுதான் தலைப்பு. நான் கை கூப்பி நிற்கிறேன், பின்னால் சூரியன் உதிக்கிறது. இது அவள் படம், சின்ன வயதில் எடுத்தது. கீழே, 'இப்படிக்கு, உன் பாசமிகு தந்தை, கலைச்செம்மல் ந. சௌந்தரபாண்டி.' அதற்கும் கீழே 'மன்னிக்க வேண்டுகோள் விடுப்போர்' என்று குருசாமி, பெரியப்பா, சித்தப்பாக்கள், வார்டு நண்பர்கள். தங்களையும் போடாமல் விட மாட்டோம் என்றார்கள். குருசாமியை இந்த முறை மேலே வைத்துவிட்டேன். போன் நம்பர் இருக்கிறதா? அது கை வழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றாலே படிக்கலாம், அந்த அளவுக்கு எழுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குடியிருப்பில் இருநூறு வீடு இருக்கிறதாம். எல்லாரும் பார்ப்பார்கள், இப்படி ஒரு அப்பனா என்று.

ஏன் அம்மா முகம் இப்படிப் போகிறது? எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா?

என்ன? 

இல்லை, கேட்கவில்லை. லாரி இரைச்சல். சத்தமாகச் சொல்லுங்கள். இவ்வளவு நேரத்தில் கோட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, இப்போது பேசும்போது இவ்வளவு மெதுவாகவா? அவளும் இப்படித்தான், வாய்க்குள்ளேயே பேசுவாள்.

உரிக்கச் சொல்கிறீர்களா? 

ஜான் பாட்சாவும் இதைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு இதை ஒட்ட மாட்டேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. நானேதான் ஒட்டினேன். ஒரு குமிழி கிடையாது, தடவிப் பாருங்கள்.

உரித்துவிட்டால் அப்புறம் நான் அவளுக்கு எப்படிச் சொல்வது?

வாயாலா?

வாயால் சொல்லலாம். சொல்லக் கூடாது என்று இல்லை. இந்த இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் ஒன்றும் சொல்லாமலா இருந்தேன். பிறந்த நாளுக்குப் பேனர், பத்தாவது பாஸுக்குப் பேனர், வேலை கிடைத்ததற்கு வத்தலக்குண்டு ரோட்டில் பேனர். எல்லாம் சொன்னதுதானே.

சரி. நீங்கள் சொல்வதால் பார்க்கிறேன். ஒரு உதவி செய்யுங்கள். ஒரு நிமிஷம் நீங்கள் அவளாக இருங்கள். இங்கே நில்லுங்கள், இதுதான் வாசல் என்று வைத்துக்கொள்வோம். நான் வண்டியிலிருந்து இறங்குகிறேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஆமாம், அப்படித்தான்.

'என் அன்பு மகளே, குலம் விளங்க வந்த...'

சிரிக்காதீர்கள். அது தானாக வருகிறது.

'அபி, நல்லா இருக்கியா? செங்கல்பட்டுகிட்ட டிராபிக்... காலையில ஆறு மணிக்கெல்லாம் எடுத்துட்டேன். ஏசி போடல...' 

இது வேண்டாமா. இருங்கள்.

'அபி, உங்கம்மா போன் பண்ணி, வண்டிய வாங்குன மாதிரியே...' 

சரி சரி. அம்மாவை இழுக்கவில்லை. நீங்கள் ரொம்பக் கறாராக இருக்கிறீர்கள். அவளே தேவலை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இருபதடிக்குப் பதினைந்து அடி பேனர் என்றால் அரை மணி நேரத்தில் வாசகம் எழுதிவிடுவேன் அம்மா. மந்திரி வருகிறார் என்றால் பத்து நிமிஷம். இதற்கு ஏன் வாய் இப்படி உலர்ந்துபோகிறது என்று தெரியவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, என்னைப் பார்க்காத மாதிரி. ஆமாம்.

'அபி.'

'உன் கார்ல நான் கை வச்சிருக்கக் கூடாதும்மா.'

...

இவ்வளவுதானா? இதற்கு முன்னால் ஒன்றும் வேண்டாமா, பின்னால் ஒன்றும் வேண்டாமா? ஓரத்தில் ஒரு பூக்கூட இல்லை. இவ்வளவு வெறுமையாக நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. கீழே விழுந்துவிடுகிற மாதிரி இருக்கிறது.

தொண்ணூறு பர்சென்ட் வந்துவிட்டது, பாருங்கள். எனக்கு இது போதும், இனி நீங்கள் கன்னை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். நான் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கிறேன். வெயிலில் வைத்தால் ஹீட் கன் வேண்டாம், பசை தானே இளகியிருக்கும். மூலையில் நகத்தால் நெருடி எடுத்து, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பெயிண்டோடு வந்துவிடும். ஒரு ஆள் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டால் நல்லது. பிடிக்கிறீர்களா? நல்லது.

மெதுவாக. என் முகம் கிழிந்தால் கிழியட்டும், அவள் படம் இருக்கிற பக்கம் மட்டும் பார்த்து.

வந்துவிட்டது. கறை இல்லை. 

அம்மா, நான் ஒன்று கேட்கிறேன். இப்போது ஒரு நிமிஷம் அவளாக நின்றீர்களே. நான் அதைச் சொன்னபோது திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உங்களைத் திரும்பச் சொல்லவில்லை, நீங்களாகத்தான் திரும்பினீர்கள். சும்மா எனக்காகத் திரும்பினீர்களா, இல்லை உங்களுக்கே பார்க்க வேண்டும்போல இருந்ததா? உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.